குணமடைந்ததற்கு ஆட்சேபம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். நாற்பத்தொரு கேள்விகளில் ஒன்றுக்கு, கேட்க வேண்டியவரைக் கேட்காமல் பதில் போட்டுவிட்டேன்.

மாலை வகுப்பில் அலுவலக நிர்வாகம் படிக்கிறேன். அங்கே சொல்லிக்கொடுத்த முறையிலேயே எழுதுகிறேன்: நடந்தது, அதில் என் பங்கு, நாளைய வேலை.

நடந்தது. எங்கள் கிளினிக்கில் குடும்ப டாக்டர் நெவென்கா அம்மா ஒருவர், நர்ஸ் நான் ஒருத்தி. நோயாளிகள் ஆயிரத்து எழுநூறு பேர். கதவுக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி தொங்குகிறது. மாத்திரை தீரப்போகிறவர்கள் மாத்திரை டப்பாவின் முகப்பைக் கத்தரித்து, பின்பக்கம் பெயரை எழுதி அதில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் எடுத்துக் கணினியில் ஏற்றுவேன். டாக்டர் ஒப்புதல் கொடுப்பார். பிறகு ஆறு மாதத்துக்கு மருந்துக் கடையில் மருத்துவ அட்டையை நீட்டினால் போதும், மாத்திரை வரும். இதற்குத் தொடர்சீட்டு என்று பெயர். எல்லாம் கணினிமயமான பிறகு இந்தப் பெட்டி இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் அதன்மேல் ‘பாராட்டுகள், புகார்கள்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஜனவரியிலிருந்து தலைநகரில் உள்ள மைய அலுவலகம் ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்திருக்கிறது. தொடர்சீட்டைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொருவருக்கும் பதில் போட வேண்டும்: ‘கடந்த ஆறு மாதங்களில் இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டனவா? ஆம் / இல்லை.’ நண்பகலுக்குள் பதில் போடாவிட்டால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளப்படும். நோயாளியைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று கையேடு சொல்கிறது.

இன்று நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் அட்டைத் துண்டிலேயே எதையாவது புலம்பியிருந்தார்கள்: முழங்கால், தலைசுற்றல், மருமகள். எல்லோருக்கும் ‘ஆம்’ போட்டேன். நாற்பத்தொன்றாவது ட்ராகுதின். வலிப்பு மாத்திரை டப்பாவின் பின்பக்கம், ‘நன்றாக இருக்கிறேன். டாக்டருக்கும் உனக்கும் நன்றி’ என்று எழுதியிருந்தார். பதினொரு வருடமாக அவருக்கு வலிப்பு வரவில்லை. மணி பதினொன்று ஐம்பத்தாறு. உண்மையைத்தான் போட்டேன். ‘இல்லை.’

என் பங்கு: தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே இது தவறுதானா என்றும் நிச்சயமில்லை.

நாளைய வேலை: ட்ராகுதினைக் கூப்பிட்டுக் கேட்பது.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று கூப்பிடவில்லை. இன்று அவரே வந்துவிட்டார்.

ட்ராகுதினுக்கு அறுபத்திரண்டு வயது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறார். திங்கள், வியாழன்களில் கடையை மூடிவிட்டுத் தன் சின்னக் காரில் மலைப்பக்கக் கிராமங்களுக்குப் போய், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். வலிப்பு வராதவரைதான் அவருக்கு ஓட்டுநர் உரிமம். ஒருமுறை வந்தால் ஒரு வருடத்துக்குப் போய்விடும்.

“என்னம்மா திஹானா, நான் குணமாயிட்டேனாமே!” என்று பட்டன் வைத்த பழைய ஃபோனை நீட்டினார்.

‘மதிப்பிற்குரிய ட்ராகுதின், நீங்கள் வலிப்பு நோயிலிருந்து குணமடைந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். உங்கள் தொடர்சீட்டு முடித்துவைக்கப்பட்டது. இச்செய்திக்குப் பதில் அனுப்ப இயலாது.’

“முப்பது வருஷமா பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் கையை விரிச்சாங்க. ஒரு மெசேஜ் சரி பண்ணிருச்சு பாரு.”

“மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு மாமா?”

“ஒரு வாரத்துக்கு. மருந்துக் கடை யகோடாகிட்ட அட்டையைக் குடுத்தா, ‘நீங்க சௌக்கியமா இருக்கீங்க, தர முடியாது’ங்கறா. அவ சொன்ன தோரணைல எனக்கு என்னமோ பெருசா வந்துட்ட மாதிரி இருந்துச்சு.”

நானும் சிரித்தேன். அவர் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். “எப்படிம்மா இப்படி ஆச்சு?”

“கம்ப்யூட்டர் பண்ணின வேலை மாமா.”

நான் யோசித்துச் சொன்ன வாக்கியம் இல்லை. வாயில் தயாராக இருந்தது.

“அதுக்கென்ன தெரியும், பாவம்” என்று கம்ப்யூட்டரை மன்னித்தார். மேசைமேல் ஒரு பொட்டலம் காபித்தூள் வைத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

நாளைய வேலை: மைய அலுவலகத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுவது.

பிப்ரவரி 6, வெள்ளி

நாற்பத்தேழு நிமிடம் வாத்திய இசை கேட்டேன். பிறகு ஒரு இளைஞர் பேசினார்.

“பதிலை மாத்தலாமே மேடம். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள.”

“மூணு நாள் ஆயிருச்சுங்க.”

“அப்போ ‘தவறான வாக்குமூலம்’னு ஒரு படிவம் இருக்கு. பதில் போட்டவங்க கையெழுத்துப் போடணும். போட்டா, அன்னிக்கு அவங்க போட்ட எல்லாப் பதிலும் செல்லாது. விசாரணை முடியுற வரைக்கும் எல்லார் சீட்டும் நிக்கும். மொத்தம் எத்தனை பேரு?”

“நாப்பத்தொண்ணு.”

“பதில் போட்டது யாரு மேடம்?”

“விசாரிச்சுச் சொல்றேன்.”

இன்னொரு வழியும் இருந்தது. நோயாளியே ‘குணமடைந்ததற்கு ஆட்சேபம்’ தெரிவிக்கலாம். கைப்பேசிச் செயலி வழியாக மட்டும்.

“அவர்கிட்ட பட்டன் ஃபோன்தாங்க. ஆப்பெல்லாம் இல்ல.”

“பிரச்சினையே இல்ல மேடம். ஆப்பைத் திறந்து, ‘என்னிடம் ஆப் இல்லை’ங்கறதை அழுத்தச் சொல்லுங்க.”

என் பங்கு: மீதி நாற்பது பேருடைய மாத்திரையைக் காப்பாற்றவே வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினேன். பிறகு அடித்தேன். யார் என்று அவர் கேட்டபோது நாற்பது பேரில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மே மாதம் முடிகிற என் வேலை ஒப்பந்தம்தான் ஞாபகம் வந்தது.

நாளை சனி. திங்கட்கிழமை வேலை: டாக்டரிடம் சொல்வது.

பிப்ரவரி 9, திங்கள்

டாக்டரிடம் சொன்னேன். சீட்டு நின்றுபோனதைச் சொன்னேன்.

அவர் உடனே உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதினார். திரையில், ‘ஆரோக்கியமான நபருக்கு மருந்து எழுதுவது முறைகேடு. தொடர விரும்புகிறீர்களா?’ என்று வந்தது. ‘தொடர்க’ என்பதை அழுத்தினார். ‘தொடர இயலாது’ என்று வந்தது. காகிதச் சீட்டு எழுத வழியில்லை. டிசம்பரிலேயே காகிதச் சீட்டுப் புத்தகங்களையெல்லாம் தலைநகருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ‘நாம் கடந்துவந்த பாதை’ என்ற கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள்.

நரம்பு மருத்துவரிடம் அனுப்பலாம் என்றால், முதல் காலியிடம் செப்டம்பரில். அதற்கும் கடைசியாக வலிப்பு வந்த தேதியைக் குறிப்பிட வேண்டும். பட்டியலில் கடந்த ஆறு மாதத் தேதிகள் மட்டுமே இருக்கின்றன.

“ஏதோ ஒரு தேதியைப் போட்டுடவாடீ? போன மாசத்துல ஒண்ணு.”

நான் அடிக்குறிப்பைச் சத்தமாகப் படித்தேன். அந்தத் தேதி தானாகவே ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குப் போய்விடும். டாக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“பொய் சொன்னா கார் போகுது. உண்மை சொன்னா மாத்திரை போகுது. நல்ல சீட்டுடி இது.” ஜன்னலைத் திறந்து சிகரெட் பற்றவைத்தார். “சரி, இந்த ‘இல்லை’யைப் போட்டது யாரு?”

“சிஸ்டத்துல அப்படி வந்திருக்கு டாக்டர்.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சிஸ்டம்” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனேன். யகோடா அக்கா யாரும் இல்லாத நேரம் பார்த்து பத்து மாத்திரை உள்ள ஒரு பட்டையை என் பையில் போட்டார்.

“ஒரு தடவைதான். எலி தின்னுருச்சுன்னு எழுதிக்கறேன்.”

“எலி வலிப்பு மாத்திரை திங்குமா அக்கா?”

“எங்க கடை எலிக்கு வலிப்பு இல்லைன்னு யாரு பாத்தா? அது குணமாயிருச்சுன்னு மெசேஜ் வர்ற வரைக்கும் திங்கட்டும்.”

நாளைய வேலை: ட்ராகுதினுக்கு ஆப்புள்ள ஃபோன் ஒன்று இரவல் தேடுவது.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆட்சேபம் இன்றுதான் போனது. என் தம்பியின் ஃபோன். ட்ராகுதின், தான் ட்ராகுதின்தான் என்று நிரூபிக்கவே மூன்று நாள் ஆனது. கடைசியில் சலூனில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, படிவத்தை நிரப்பச் சொன்னார்.

‘நீங்கள் குணமடையவில்லை என்பதை எப்போது அறிந்தீர்கள்?’

“எழுது, மெசேஜ் வந்தப்பன்னு.”

‘குணமடைந்ததால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பை விவரிக்கவும்.’

“தூக்கம் போச்சுன்னு போடு.”

‘அறிகுறியின் காணொளியை இணைக்கவும். அதிகபட்சம் இரண்டு நிமிடம்.’

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நான் விழும்போது பக்கத்துல இருக்கறவன் என்னைப் பிடிப்பானா, ஃபோனைப் பிடிப்பானா?”

காணொளி இல்லாமலே அனுப்பினேன். முப்பது வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும், நேற்றிலிருந்து பாதி அளவுதான் சாப்பிடுவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் எலியின் பட்டை இருபத்தொன்றாம் தேதிவரை வருமாம்.

“டாக்டருக்குத் தெரிஞ்சா கத்துவாங்க மாமா. காரையாவது எடுக்காதீங்க.”

“திங்கக்கிழமை ஏழு பேரு தாடியோட காத்துக்கிட்டுக் கெடப்பாங்கம்மா. அதுல ரெண்டு பேருக்கு என்னைத் தவிர வாரத்துல வேற மனுஷ முகமே கிடையாது.”

பாலம்வரை கூட நடந்தேன். ‘நான்தான் போட்டேன்’ என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அவர் என் பரீட்சை எப்போது என்று கேட்டார். மார்ச்சில் என்று சொன்னேன். பாடங்கள் பற்றியும் விளக்கமாகச் சொன்னேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று எங்களுக்கு விருது கொடுத்தார்கள்.

வலிப்பைக் குணப்படுத்திய முதல் குடும்ப கிளினிக் இந்த மாவட்டத்தில் எங்களுடையதுதானாம். மைய அலுவலகத்தின் குணமடைதல் பிரிவுத் துணைத் தலைவர் வெலிமிர் ஷ்ப்ரெம் புகைப்படக்காரரோடு வந்தார். குணமடைந்தவரும் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். ட்ராகுதின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பெரிய அதிகாரி, நேரில் சொன்னால் நடந்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு. எனக்கும் இருந்தது. தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் நாள் என்பதால் டாக்டர் ஜாம் வைத்த உருண்டைப் பணியாரம் ஒரு தட்டு வாங்கி வைத்திருந்தார்.

ஷ்ப்ரெம் பேசினார்.

“நண்பர்களே, முன்னாடியெல்லாம் ஒரு சீட்டு வேணும்னா நோயாளி டாக்டரைப் பாக்கணும், டாக்டர் நோயாளியைப் பாக்கணும். எத்தனை மணி நேரம் வீண்! இன்னிக்கு யாரும் யாரையும் பாக்கறதில்ல. ஜனவரி மாசத்துல மட்டும் ஆறாயிரம் பேரைக் குணப்படுத்தியிருக்கோம். ஒருத்தர் நாடியைக்கூடத் தொடல. புகார் எத்தனை தெரியுமா? பூஜ்யம். ஏன்னா புகாருக்கு நாங்க இடமே வைக்கல. ஆட்சேபம்னு கொஞ்சம் வருது. அதை மக்கள் பங்கேற்புன்னு கணக்குல எடுத்துக்கறோம்.”

ட்ராகுதின் கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில்போல. “ஐயா, எனக்கு மாத்திரை வேணும். பாதி பாதியா போட்டுக்கிட்டிருக்கேன். சனிக்கிழமையோட அதுவும் தீருது.”

“பாருங்க எல்லாரும்! எவ்வளவு தெம்பா நிக்கறாரு!”

“மாத்திரை போட்டதாலதான் ஐயா நிக்கறேன்.”

“நாங்க அளக்கறதும் அதைத்தான். ஒருத்தர் நிக்கறாரா, இல்லையா. நிக்கறவருக்கு எதுக்கு மாத்திரை? நிக்கலைன்னா குடுத்துருவோம். எங்களுக்கும் மனசு இருக்குல்ல.”

“விழுந்ததுக்கப்புறம் குடுப்பீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“பதினோரு நிமிஷத்துல, டாக்டர். இதை விட வேகமா யாரும் குடுக்கல.”

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை ட்ராகுதின் கையில் கொடுத்து, அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு பணியாரம் சாப்பிட்டார். வெளியே போகும்போது தகரப் பெட்டியைப் பார்த்து நின்றார்.

“இதுல எது அதிகமா வருது? பாராட்டா, புகாரா?”

“பாராட்டுங்க” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டு போனார்.

என் பங்கு: அந்த அறையில், ‘இவர் குணமாகவில்லை, நான்தான் கேட்காமல் அழுத்தினேன்’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது யகோடா அக்கா கூப்பிட்டார். வராந்தாவில் நின்று பேசினேன்.

மலைப்பக்கக் கிராமம் ஒன்றில், ஒரு கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ட்ராகுதினுக்கு வலிப்பு வந்துவிட்டது. கத்தி அடுப்புக்கு அடியில் போய் விழுந்தது, யாரையும் வெட்டவில்லை. நெற்றி அடுப்பு விளிம்பில் மோதியது. ஏழு தையல். கிழவரால் படுக்கையை விட்டு எழ முடியாது. முகத்தில் பாதி நுரையோடு அரை மணி நேரம் கத்தியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரி வரும்வரை.

ஆம்புலன்ஸ் நர்ஸ் நான்கு முப்பத்திரண்டுக்கு வலிப்பைப் பதிவு செய்திருக்கிறார். நான்கு நாற்பத்து மூன்றுக்கு யகோடா அக்காவின் திரையில் சீட்டு வந்துவிட்டது.

“கரெக்டா பதினோரு நிமிஷம்டி” என்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ட்ராகுதின் ஃபோனுக்கு இரண்டு செய்திகள் வந்திருந்தனவாம். முதலாவது: ‘உங்கள் நோய் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ இரண்டாவது: ‘உங்கள் ஓட்டுநர் உரிமம் பன்னிரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது.’

வகுப்புக்குத் திரும்பி உட்கார்ந்தேன். கோப்புகளை அகர வரிசையில் அடுக்குவது பற்றிப் பாடம். குறிப்பு எடுத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் ஷ்ப்ரெம் கூப்பிட்டார்.

“நல்ல செய்திம்மா. உங்க நோயாளி சீட்டு சரியாயிருச்சு. ஆட்சேபத்தையும் வெற்றின்னு முடிச்சுட்டோம். ஒரே ஒரு விஷயம், குணமடைதல் ரத்தாகுதுல்ல, அந்தச் சான்றிதழைத் திருப்பி அனுப்பிருங்க. சட்டத்தோட. சட்டம் எங்க சொத்துப் பட்டியல்ல இருக்கு.”

ஃபோனை வைத்துவிட்டு, டாக்டரின் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். “அந்த ‘இல்லை’யைப் போட்டது நான்தான் டாக்டர். கேக்காம போட்டேன்.”

“தெரியும்.” அவர் நிமிரவில்லை. “போட்டவங்க பேரு பக்கத்துலயே இருக்கும், சின்ன எழுத்துல. அன்னிக்கே பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ போயிட்டா இன்னொரு நர்ஸ் குடுக்க மாட்டாங்கன்னும் இருந்தேன். ரெண்டுல எது முதல்லன்னு என்னைக் கேக்காதே.”

மருத்துவமனையில் ட்ராகுதின் கட்டு போட்ட நெற்றியோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, கம்ப்யூட்டர் பண்ணல. நான் பண்ணினேன்.”

“என்னது?”

“நல்லா இருக்கேன்னு எழுதியிருந்தீங்கல்ல. அதைப் பாத்துட்டு ‘இல்லை’ன்னு அழுத்திட்டேன். உங்களைக் கேக்கல.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். “அது மரியாதைக்கு எழுதினதும்மா.”

“தெரியும்.”

“என் கார் வீட்ல நிக்குது. பன்னண்டு மாசம் நிக்கும்.”

“தெரியும் மாமா.”

பக்கத்துப் படுக்கைக்காரர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.

“நாப்பது வருஷமா கத்தி பிடிக்கறேன். எத்தனையோ பேரைக் கீறியிருக்கேன். ‘கத்தி கீறிருச்சு’ன்னு ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல.” கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் என்னால் பதில் பேசியிருக்க முடியும். கரண்டியை மறுபடி எடுத்து, “அந்தக் கிழவரைப் பாதிச் சவரத்தோட விட்டுட்டு வந்துட்டேன்” என்றார். “யாராவது போகணும்.”

நாளைய வேலை: காலை ஏழரை பேருந்தில் போய் மீதியை மழிப்பது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று போனேன். மோசமாக மழித்தேன். கிழவர் பொறுத்துக்கொண்டார். ட்ராகுதின் எப்போது வருவார் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பன்னிரண்டு மாதம் ஆகும் என்று சொன்னேன்.

இன்று மதியம் டாக்டரின் சமையலறையில் உட்கார்ந்து நாளைய பட்டியலைப் பார்த்தோம். முப்பத்தெட்டு பேர். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு. மாத்திரை சாப்பிடுவதால் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். யாருக்கும் அறிகுறி இல்லை. எல்லோருக்கும் ‘ஆம்’ போடுவதென்று முடிவு செய்தோம். முப்பத்தெட்டுப் பொய்கள். டாக்டர் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தார், பிறகு விசாரணை வந்தால் பழி என்மேல் விழக் கூடாது என்று. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

பத்தொன்பதாவது பெயரில் அவர் பேனா நின்றது. லியெர்கா. இருபத்தொன்பது வயது. வலிப்பு மாத்திரை. கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. தபால் வண்டி ஓட்டுகிறாள். ‘ஆம்’ போட்டால் உரிம அலுவலகத்துக்குத் தகவல் போய் வண்டி போகும், அதோடு வேலையும். ‘இல்லை’ போட்டால் மாத்திரை போகும். போடாமல் விட்டால் பன்னிரண்டு மணிக்கு அதுவே ‘இல்லை’ போட்டுக்கொள்ளும்.

“இதை என்னடி பண்றது?” என்றார் டாக்டர்.

நாளைய வேலை: காலை ஆறே முக்காலுக்கு, வண்டி கிளம்புவதற்கு முன், லியெர்கா வீட்டுக்குப் போவது. இரண்டையும் சொல்வது. எதை விடச் சம்மதம் என்று அவளையே கேட்பது.